ஒரே உட்கரு, பல இயங்குதளங்கள்

2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள், உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இயங்கிக்கொண்டிருந்த பல கோடிக் கணிப்பொறிகளுக்கு முக்கியமானதொரு நாள். 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றோடு நிறுத்திக்கொண்டது. அதற்கெனத் தனியே பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு உண்டு. 'அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டால் போயிற்று' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எல்லாக் கணிப்பொறிகளும் அப்படி மாறிவிட முடியாது. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறையைச் சேர்ந்த செயலியும் அதற்கு வேண்டும். ஏறத்தாழ 2017-க்கு முன் வாங்கப்பட்ட கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை இந்தத் தகுதியைப் பெறுவதில்லை.

அந்தக் கணிப்பொறிகளின் திரை மங்கிவிடவில்லை, விசைகள் தேய்ந்துவிடவில்லை, செயலி நேற்றுக் கூட்டிய வேகத்தில்தான் இன்றும் கூட்டுகிறது. அப்படியிருக்க, பழைய சாமான் கடைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியே இல்லையா?

உண்டு. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற இயங்குதளங்கள் பல இருக்கின்றன. தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், 'எதைப் போடலாம்?' என்று அவற்றைப் பயன்படுத்துவோரிடம் கேட்கும்போதுதான். ஒருவர் 'மின்ட்' என்பார். இன்னொருவர் 'டெபியனுக்கு மிஞ்சியது இல்லை' என்பார். மூன்றாமவர் 'ஆர்ச்' என்று சொல்லிவிட்டு நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்ப்பார். தமக்குப் பிடித்த நடிகரைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் பேசுவதைக் கேட்டால், இதெல்லாம் வெறும் ரசனை வேறுபாடு என்றே தோன்றும். உண்மையில் இந்த விருப்பங்களின் பின்னே சில பொறியியல் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவை என்னவென்று தெரிந்துகொண்டால் நம் விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

உட்கரு என்றால் என்ன?

விசைப்பலகையில் நீங்கள் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். விசைப்பலகைக்கு எழுத்து எதுவும் தெரியாது. 'இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது' என்று ஓர் எண்ணை மட்டுமே அது அனுப்பும். அந்த எண்ணை வாங்கி, இப்போது திறந்திருக்கும் நிரல்களுள் எதற்கு அதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். எந்த நிரலுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம், செயலியின் நேரத்தில் எவ்வளவு பங்கு, வட்டில் எந்த மூலையில் எந்தக் கோப்பு என்பவற்றையெல்லாம் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். இந்தப் பணிகளைச் செய்யும் மையப் பகுதியைக் 'கெர்னல்' என்பார்கள். உயிரணுவின் நடுவில் இருந்து அதன் செயல்களை நடத்தும் உட்கருவைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெயரையே இதற்கும் வைத்துக்கொள்வோம்.

'லினக்ஸ்' என்பது, கண்டிப்பாகச் சொன்னால், இந்த உட்கருவின் பெயர் மட்டுமே. 1991-இல் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தம்முடைய புதிய கணிப்பொறிக்காக அதை எழுதத் தொடங்கினார். பொழுதுபோக்காகச் செய்வதாகத்தான் அவர் முதலில் அறிவித்தார். உட்கரு மட்டும் இருந்தால் போதாது. கோப்புகளைப் பிரதியெடுக்க, நிரல்களை மொழிபெயர்க்க, கட்டளைகளை வாங்கிக்கொள்ள என்று நூற்றுக்கணக்கான கருவிகள் வேண்டும். அந்தக் கருவிகளை அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த 'குனு' திட்டத்தினர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அவர்களிடம் பயன்பாட்டுக்கு ஏற்ற உட்கரு இல்லை. லைனஸிடம் கருவிகள் இல்லை. இரண்டும் சேர்ந்தன.

1992-இல் லைனஸ் தம் உட்கருவை ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்கீழ் வெளியிட்டார். அந்த உரிமம் நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குத் தரலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாற்றி வெளியிடுபவர், தாம் பெற்ற இதே உரிமைகளைத் தம்மிடமிருந்து பெறுபவருக்கும் தந்தாக வேண்டும். பணம் கொடுக்காமல் கிடைக்கிறது என்பது இதன் விளைவுகளுள் ஒன்று. பலரும் அதை மட்டும்தான் கவனிக்கிறார்கள். 'மாற்றலாம்' என்ற உரிமைதான் இக்கட்டுரையில் நமக்கு முக்கியம்.

இன்று உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகள் என்று பட்டியலிடப்படுபவை அனைத்திலும் லினக்ஸ் உட்கருவே இயங்குகிறது. 2017 நவம்பர் முதல் இதுதான் நிலை. ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்ளே இருப்பதும் அதுவே. 2021-இல் செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனியுவிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டரிலும் அது இருந்தது.

ஒரே மாவு, பல பலகாரம்

அரைத்து வைத்த மாவு ஒன்றுதான். தட்டில் ஊற்றினால் இட்லி. கல்லில் மெல்லிசாகத் தேய்த்தால் தோசை. தடிமனாக விட்டு வெங்காயம் தூவினால் ஊத்தப்பம். குழியில் விட்டால் பணியாரம். லினக்ஸ் உட்கருவையும் குனு கருவிகளையும் எடுத்து, அவற்றோடு திரை முகப்பு, உலாவி, எழுதும் நிரல், நிறுவும் முறை ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு முழு இயங்குதளமாகக் கட்டித் தருவதை 'வழங்கல்' என்கிறோம். 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும் பிறந்தன. 2002-இல் ஆர்ச் வந்தது; 2003-இல் ஃபெடோராவும் பப்பியும்; 2004-இல் உபுண்டு; 2006-இல் மின்ட். இவையெல்லாம் இன்றும் இருக்கின்றன. மறைந்து போனவை எத்தனையோ.

இவற்றுள் ஓர் உறவுமுறையும் உண்டு. டெபியனை அடிப்படையாக வைத்து உபுண்டு கட்டப்படுகிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து மின்ட் கட்டப்படுகிறது. நம் நாட்டில் சிடாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும் டெபியனின் வழிவந்ததே. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்துத் தரப்பட்டது. அந்த மடிக்கணினி உங்கள் அண்ணனுக்கோ அக்காளுக்கோ கிடைத்திருந்தால், அதைத் தொடக்கும்போது இரண்டு பெயர்கள் தோன்றியது அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

பிடிக்கவில்லை என்றால்?

ஒரு விருப்பத்துக்கு எவ்வளவு வலிமை இருக்க முடியும் என்பதற்கு 2011-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலான வழங்கல்கள் 'க்னோம்' என்ற திரை முகப்பைப் பயன்படுத்தின. திரையின் மேலே ஒரு பட்டை, கீழே திறந்திருக்கும் சாளரங்களைக் காட்டும் ஒரு பட்டை என்று விண்டோஸ் பழகியவர்களுக்கும் எளிதாக இருந்த முகப்பு அது. 2011 ஏப்ரலில் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. கீழ்ப்பட்டையைக் காணவில்லை! சாளரத்தைச் சுருக்கும் பொத்தானையும் காணவில்லை! புதிய வடிவம் நல்லது என்று அதை எழுதியவர்கள் உளமார நம்பினார்கள். பலருக்கு அது பிடித்தும் இருந்தது. வேறு பலருக்குப் பிடிக்கவில்லை.

மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் மென்பொருளில் இந்த நிலை வந்தால் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே அப்படி ஆகவில்லை. பழைய இரண்டாம் பதிப்பின் மூல நிரலை எடுத்து, 'மாட்டே' என்ற பெயரில் சிலர் தொடர்ந்து வளர்த்தார்கள். மின்ட் குழுவினரோ புதிய பதிப்பின் அடித்தளத்தை வைத்துக்கொண்டு, மேலே பழைய பாணியில் 'சின்னமன்' என்ற முகப்பை எழுதினார்கள். க்னோமும் நின்றுவிடவில்லை, தன் வழியிலேயே வளர்ந்தது. மூன்றும் இன்று உயிரோடு இருக்கின்றன. மூன்றுக்கும் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். 'ஏன் இத்தனை? ஒன்றாகச் சேர்ந்து செய்தால் உழைப்பு மிஞ்சுமே' என்று சிலர் குறைப்படுவது உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒரே பிழையை மூன்று இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த விலையைக் கொடுத்ததால்தான் ஒருவரும் தமக்குப் பிடிக்காததை ஏற்க நேரவில்லை.

புதியதா, நிலையானதா?

இனி, வாதம் மிகச் சூடாக நடக்கும் இடத்துக்கு வருவோம். டெபியன்காரரும் ஆர்ச்காரரும் எதைப் பற்றி வாதிடுகிறார்கள்?

முதலில் ஒரு செய்தி. கணிப்பொறியில் உள்ள நிரல்கள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வதில்லை. படத்தை விரிப்பது, எழுத்தைத் திரையில் வரைவது, கோப்பைச் சுருக்குவது போன்ற பொது வேலைகளுக்குப் பொது நூலகங்கள் இருக்கின்றன. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரே வேதித் தராசை எல்லா மாணவர்களும் மாறி மாறிப் பயன்படுத்துவதுபோல, பல நிரல்கள் ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. இடம் மிச்சம், திருத்தம் செய்வதும் ஓரிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒருநாள் தராசை மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தராசுக்கென்று எழுதி வைத்த செய்முறைக் குறிப்புகள் புதியதற்குப் பொருந்தா. அதுபோல, நூலகத்தின் பதிப்பு பெரிதாக மாறினால் அதை நம்பியிருக்கும் நிரல்கள் அனைத்தையும் அதற்கேற்ப மீண்டும் தயாரிக்க வேண்டும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள். டெபியன் கடைப்பிடிப்பது முதல் வழி. புதிய பதிப்பு முதலில் 'நிலையற்ற' பிரிவுக்கு வரும். அங்கே சில நாட்கள் பெரிய பிழை ஏதும் வெளிப்படாமல் இருந்தால் 'சோதனை'ப் பிரிவுக்குப் போகும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைப் பிரிவை அப்படியே உறையச் செய்து, எஞ்சிய பிழைகளைத் தேடித் திருத்தி, 'நிலையானது' என்று வெளியிடுவார்கள். 2023 ஜூனில் 12 ஆம் பதிப்பும், 2025 ஆகஸ்டில் 13 ஆம் பதிப்பும் இவ்வாறு வந்தன. வெளியிட்ட பிறகு அதில் உள்ள நிரல்களின் பதிப்பு எண் பெரும்பாலும் மாறாது. பாதுகாப்புக் குறை தெரியவந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் வைத்துத் தைத்துவிடுவார்கள். எண் பழையது என்பதால் ஓட்டை என்று பொருளல்ல. (டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களின் பெயர் வைப்பது வழக்கம். நிலையற்ற பிரிவின் பெயர் என்றைக்கும் 'சிட்'. படத்தில் பொம்மைகளையெல்லாம் உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன்!)

ஆர்ச் போவது இரண்டாம் வழி. அங்கே ஆண்டுக்கொரு பதிப்பு என்பதே கிடையாது. ஓடும் ஆறுபோலப் புதிய நிரல்கள் வந்துகொண்டே இருக்கும். நூலகம் மாறினால், அதை நம்பிய நிரல்களையும் உடனே மீண்டும் தயாரித்து வெளியிடுவார்கள். ஆகையால் பயன்படுத்துபவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 'இந்த ஒரு நிரல் மட்டும் போதும்' என்று புதுப்பித்தால், புதிய நிரலும் பழைய நூலகமும் முட்டிக்கொள்ளும். நிறுவும் வேலையும் பெரிதும் உங்களுடையதே. உங்கள் கணிப்பொறியில் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொன்றாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆர்ச் குழுவினர் எழுதிவைத்திருக்கும் விளக்கக் குறிப்புகள் மிக உயர்ந்த தரமானவை. பிற வழங்கல்களைப் பயன்படுத்துவோரும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.

எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை. நாளை காலை தேர்வுக்கான கட்டுரையை அச்சிட வேண்டியவருக்கும், நேற்று வெளிவந்த நிரல் மொழியைச் சோதிக்க விரும்புபவருக்கும் தேவை வேறு. இக்கட்டுரையாளரின் பத்தாண்டு பழைய மடிக்கணினியில் இருப்பது டெபியன். அதன்மேல் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற எளிய முகப்பு. காலையில் திறந்தால் நேற்று மூடியபோது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதனிடம் வேறு எதிர்பார்ப்பு இல்லை. கணிப்பொறியையே பாடமாகப் படிக்க விரும்பும் மாணவர் ஒருவர் ஆர்ச்சை ஒருமுறையாவது நிறுவிப் பார்ப்பது நல்லது; வட்டுப் பிரிப்பு, தொடக்க நிரல், வலையமைப்பு என்று பலவற்றை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் அனைவரும் பயன்படுத்தும் ஒரே கணிப்பொறியில் அதைச் செய்துபார்க்க வேண்டாம்!

நூலகத் தொல்லைக்கு மூன்றாவது தீர்வு ஒன்றும் வந்திருக்கிறது. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வருவது. உபுண்டுவின் 'ஸ்நாப்' அப்படிப்பட்ட ஒரு முறை. இதற்கு வட்டில் இடம் அதிகம் பிடிக்கும். 2020-இல் மின்ட் தன் 20 ஆம் பதிப்பில் ஸ்நாப்பைத் தானாக உள்ளே வரவிடாமல் தடுத்தது. ஸ்நாப் மூட்டைகளை வழங்கும் கிடங்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது அவர்கள் கூறிய காரணம். உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட ஒன்று, உபுண்டுவின் முடிவையே மறுக்கிறது. முன்னே சொன்ன 'மாற்றலாம்' என்ற உரிமை இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

கம்பியில்லா வலையும் ஒரு வாக்கெடுப்பும்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டவர்கள் முன்பு அடிக்கடி சொன்ன குறை, 'வைஃபை வேலை செய்யவில்லை' என்பது. காரணம் இது: வைஃபை சில்லுக்குள்ளேயே ஒரு சிறு நிரல் ஓட வேண்டும். கணிப்பொறி தொடங்கும்போது உட்கரு அதைச் சில்லுக்குள் ஏற்றும். அந்தச் சிறு நிரலைச் சில்லு செய்யும் நிறுவனங்கள் எழுதுகின்றன. பெரும்பாலும் மூல நிரலைத் தருவதில்லை. கட்டற்றவற்றை மட்டுமே தருவோம் என்ற கொள்கையுடைய டெபியன், அதனாலேயே அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. கொள்கை சரி, ஆனால் புதிதாக வருபவர் வலையமைப்பே இல்லாமல் திகைத்து நிற்பார். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சேர்ப்பது என்று முடிவாயிற்று. 12 ஆம் பதிப்பிலிருந்து அவை நிறுவியிலேயே வருகின்றன. கொள்கையில் இம்மியும் விலகாத வழங்கல்கள் இப்போதும் உண்டு. அவற்றை விரும்புவோர் தங்கள் கணிப்பொறியின் சில்லுகளையும் அதற்கேற்பப் பார்த்து வாங்குகிறார்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

விருப்பத்தைக்கூட ஓரளவு அளந்து பார்க்க முடியும். கணிப்பொறியில் இருப்பதை அழிக்காமலே, பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலான வழங்கல்களில் உண்டு. 8 கிகாபைட் அளவுள்ள பென்டிரைவ் பெரும்பாலும் போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள்.

வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்து கோப்பை இறக்கிக்கொண்டதும், அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அங்கே தரப்பட்டுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். 'எஸ்.ஹெச்.ஏ.-256' என்ற இந்தக் கணக்கீடு, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 இலக்கங்கள் கொண்ட பதினாறடிமான எண் ஒன்றைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இரண்டும் ஒத்திருந்தால் கோப்பு வழியில் கெடவில்லை என்று கொள்ளலாம். பிறகு 'ரூஃபஸ்' போன்ற நிரலைக் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். கணிப்பொறியைத் தொடக்கும்போது எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று அது கேட்கும். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

மின்ட் ஒன்று, டெபியனும் எக்ஸ்எஃப்சிஇ முகப்பும் சேர்ந்தது ஒன்று, பப்பி ஒன்று என்று மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் தொடங்கி 2 நிமிடம் கழித்து, வேறு எதையும் திறக்காமல், கணிப்பொறிக் கண்காணிப்பு நிரலில் எவ்வளவு நினைவகம் செலவாகியிருக்கிறது என்று குறியுங்கள். உலாவியில் ஐந்து பக்கங்களைத் திறந்துவிட்டு மறுபடி குறியுங்கள். இந்த இரண்டாவது எண் உங்களை வியக்க வைக்கும். இயங்குதளத்தைவிட உலாவியே மிகுதியாக விழுங்கியிருப்பதைக் காண்பீர்கள். ஆகவே 2 கிகாபைட் நினைவகமுள்ள பழைய பொறியில் எவ்வளவு மெலிந்த இயங்குதளம் போட்டாலும், இருபது பக்கங்களைத் திறந்து வைப்பவருக்கு அது உதவாது. தொடங்க ஆகும் நேரத்தை மட்டும் இந்தச் சோதனையில் கணக்கிட வேண்டாம், பென்டிரைவ் மெதுவானது. பப்பிக்கு இதிலும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. சில நூறு மெகாபைட் அளவே உள்ள அது, தொடங்கும்போதே தன்னை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதன்பின் வட்டைத் தேடி ஓடுவதில்லை. வன்தட்டு கெட்டுப்போன கணிப்பொறியைக்கூட அதைக்கொண்டு ஓட்டலாம்.

அடுத்த கட்டங்களில் ஆம், இல்லை என்று குறித்தால் போதும். வைஃபை இணைகிறதா? ஒலி வருகிறதா? மடிக்கணினியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா? வீட்டு அச்சுப்பொறியை அடையாளம் காண்கிறதா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ஒரு பத்தி எழுத முடிகிறதா? அந்தப் பத்தியில் 'க்ஷ', 'ஸ்ரீ', கொம்பும் காலும் சேர்ந்த 'கொ', 'கௌ' ஆகியவை உடையாமல் தெரிகின்றனவா?

உங்கள் வீட்டில் யார் எதற்காகக் கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கலாம். ஃபோட்டோஷாப், சில விளையாட்டுகள், சில அலுவலக நிரல்கள் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடுவதில்லை. மாற்று நிரல்கள் உண்டு என்றாலும், மாற்று என்பது அதுவே ஆகிவிடாது. அப்படிப்பட்ட தேவை இருந்தால் இரண்டையும் ஒரே வட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மிகப் பழைய பொறிகளைப் பற்றி ஒரு குறிப்பு. செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று முதலில் பாருங்கள். டெபியன் 13 ஆம் பதிப்பில் 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவி இல்லை; உபுண்டுவும் மின்டும் அவற்றை அதற்கு முன்பே கைவிட்டுவிட்டன. அத்தகைய பொறிக்குப் பப்பியின் 32 பிட் பதிப்புகளைப் போன்ற சிலவே எஞ்சியிருக்கின்றன. 64 பிட் என்றால் கவலையில்லை. கட்டத்தை நிரப்பத் தொடங்கலாம். நிறுவுவது என்று முடிவெடுத்த நாளில், படங்கள், பாடக்குறிப்புகள், அம்மாவின் பழைய கடிதக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே 'நிறுவு' என்ற பொத்தானை அழுத்துங்கள்.